எண்பத்திரண்டாவது நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் மனைவி இன்னொரு ஆணின் சட்டைக்குப் பை தைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, பேப்பரை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது பக்கப் பை மூன்று பக்கமும் தையல் விட்டு ஒரு மூலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அவள் அதை நீவி, குண்டூசி குத்தி, நுணுக்கமாகத் தைத்து, நூலைப் பல்லால் கடித்தாள். என் சட்டைப் பொத்தான் ஒன்று மூன்று மாதமாக ஒரு டப்பாவுக்குள் காத்திருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லி வைக்கிறேன். குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்காக.

சட்டை என் சகலையுடையது, அதாவது அவள் அக்காவின் கணவர். அந்தப் பையைக் கிழித்ததும் என் மனைவிதான். முந்தின நாள் சாயங்காலம், முப்பத்தோராயிரம் பேர் நடுவில்.

"நிஜமாவே நீதான் பிச்சியா?"

தலையை ஆட்டினாள்.

"இழுத்தியா? இல்ல, தொங்கினியா?"

யோசித்துவிட்டு இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டாவது. தொங்கியிருக்கிறாள். வாயால் பதில் சொல்லாததற்குக் கோபம் காரணமில்லை. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. காற்றுதான் வந்தது.

இதில் எனக்கு என்ன பிரச்சினை என்று புரிய வேண்டுமென்றால் அவள் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தண்ணீர் வாரியத்தில் புகார் எடுக்கும் வேலை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு நூற்றிருபது பேர் அவளிடம் கத்துவார்கள். அவள் கத்த மாட்டாள். "பதிவு பண்ணிட்டேன் சார். நாற்பத்தெட்டு மணி நேரத்துல ஆள் வருவாங்க." வீட்டிலும் அதே குரல்தான். ஒரு முறை கரப்பான்பூச்சி காலில் ஏறியபோது, "என்னங்க, இங்க ஒண்ணு ஏறுது, பாருங்க" என்றுதான் சொன்னாள். சண்டை போட்டாலும் அப்படித்தான். நான் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன், அவள் குறித்துக்கொள்வாள். பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் அவள் கத்தி நான் கேட்டதில்லை. அவளுக்கு அது வராது என்றே நினைத்திருந்தேன், சிலருக்குப் பாட்டு வராத மாதிரி.

கால்பந்து அவளுடைய பைத்தியம். என்னுடையது இல்லை. அதுவும் வேலையிலிருந்து வந்ததுதான். சில சனிக்கிழமைகளில் சரியாக நாலே முக்காலுக்கு ஊர் முழுவதும் குழாயில் அழுத்தம் குறைந்து, போன் மேல் போனாக வருமாம். என்ன காரணம் என்று யாருக்கும் தெரியவில்லை. இவள்தான் கண்டுபிடித்தாள்: டிவியில் மேட்ச் பார்ப்பவர்கள் எல்லோரும் இடைவேளையில் ஒரே நேரத்தில் பாத்ரூம் போகிறார்கள். இத்தனை பேர் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பினாள். துணைக்கு நான் போனேன். பதினோரு வருஷமாகத் துணைக்குப் போய்க்கொண்டே இருக்கிறேன். பதினாலாம் நம்பர் சீட்டு எனக்கு, பதினைந்து அவளுக்கு.

நான் லிஃப்ட் மெக்கானிக். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது என் பிழைப்பு. இருபத்திரண்டு வருஷம் இதையே செய்தவனுக்கு ஒரு கோளாறு வந்துவிடும். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், எப்படி வெளியேறுவது என்றுதான் முதலில் கண் தேடும். தியேட்டரில் ஓரச் சீட்டு. ஓட்டலில் வாசல் பக்க மேஜை. என் கல்யாணத்தன்று மேடையிலிருந்து இறங்க எத்தனை படி என்று நான் எண்ணிக்கொண்டிருந்ததாக அவள் அக்கா இன்றைக்கும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய் என்று சொல்ல முடியாது. ஏழு படி.

மைதானத்துக்கும் கணக்குப் போட்டேன். முப்பத்தோராயிரம் பேர், பன்னிரண்டு கேட், ஒரே பஸ் ரூட். கடைசி விசில் அடித்தபின் கிளம்பினால் வீடு வந்து சேர ஒரு மணி ஐம்பது நிமிடம். எண்பத்திரண்டாவது நிமிடத்தில் எழுந்தால் முப்பத்தைந்து நிமிடம். ஆறாம் கேட், நாலு நிமிட நடை, இருபத்தேழாம் நம்பர் பஸ், ஜன்னல் ஓரம். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்ததில் எனக்கு அசாத்தியப் பெருமை. கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். எண்பத்திரண்டு ஆனதும் அவள் தோளில் ஒரு விரலால் தட்டுவேன். அவள் பையை மாட்டிக்கொள்வாள். கண்ணை மைதானத்தில் வைத்துக்கொண்டே பக்கவாட்டில் நடந்து வருவாள். ஒரு நாளும் "இருங்க" என்று சொன்னதில்லை. அது சம்மதம் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அவளோ புகாரைப் பதிவு செய்யும் ஆள், கொடுக்கும் ஆள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை எனக்கு அவசர டியூட்டி. டிக்கெட் வீணாகக் கூடாது. யாரிடம் கொடுப்பது என்று நான் யோசித்த யோசனையை நினைத்தால் இப்போது சிரிப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் வேண்டாம், அவன் நன்றாக விசில் அடிப்பான். அவள் ஆபீஸ் சூப்பர்வைசர் வேண்டவே வேண்டாம், அவருக்குத் தலையில் முடி இருக்கிறது. கடைசியில் சகலையைத் தேர்ந்தெடுத்தேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவர் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் எதைப் பார்த்தாலும் அவர் கால் தானாக அமுங்கும். பந்தை ஏன் இத்தனை பேர் துரத்துகிறார்கள், ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் என்ன என்று கேட்கிற மனிதர். பத்திரமான ஆள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சட்டையை வாங்கிப்போக அவரும் அக்காவும் வந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர் கதையை எடுத்தார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாதிரிதான் எதையும் சொல்வார், கியர் கியராக.

"எண்பத்திரண்டாவது நிமிஷம் சகல, பாப்பா பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிச்சு. எங்கம்மா போறேன்னேன். கெளம்பணும்ல அத்தான்னுச்சு. ஏன், ஆட்டம் முடிஞ்சிருச்சான்னேன். இல்லன்னுச்சு. அப்புறம் என்ன, உக்காருன்னேன்."

"உக்காந்துட்டாளா?"

"உக்காந்துடுச்சு."

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. பதினோரு வருஷமாக என் வாயில் வராத வார்த்தை. அதைச் சொல்ல இந்த மனிதருக்குக் கால்பந்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அவளைப் பாப்பா என்று கூப்பிடுவது வேறு எனக்கு எப்போதுமே இடிக்கும். அவர் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தபோது இவளுக்குப் பதினாலு வயது, அதனால் பாப்பா. இப்போது நாற்பத்தொன்று. பாப்பாவுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி இருக்கிறது.

"ரெண்டு கோல் பின்னாடி இருந்தோம்" என்று தொடர்ந்தார். நேற்று வரை 'அவங்க' என்றவர், இன்றைக்கு 'நாங்க'. "எம்பத்தஞ்சுல ஒண்ணு. எம்பத்தொம்பதுல ஒண்ணு. சரி, சமம் ஆயிடுச்சு, போதும்னு நான் நினைக்கிறேன். தொண்ணூத்தி நாலுல, சகல, அந்தக் குட்டையா இருப்பானே, அவன் தலையால..." சோற்றைப் பிசைந்த கையாலேயே காட்டினார். "பாப்பா கத்துச்சு பாருங்க! எனக்குக் காது அடைச்சுப்போச்சு. முன் வரிசைல ஒருத்தன் திரும்பிப் பார்த்துப் பயந்துட்டான். அப்படியே என் பையைப் பிடிச்சுத் தொங்கிடுச்சு."

"இவரு என்ன பண்ணாரு தெரியுமா?" என்றாள் அக்கா. "பையில இருந்த பேனா விழுந்துடுச்சுன்னு குனிஞ்சு தேடினாராம்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு, கதவு முழுதாக மூடாத லிஃப்ட் மாதிரி பாதியில் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அந்தத் தொண்ணூற்றி நாலாவது நிமிடத்தில் நான் எங்கே இருந்தேன் என்று பிறகு கணக்குப் பார்த்தேன். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் கூண்டின் மேல் குந்தி உட்கார்ந்து, உள்ளே இருந்த ஒரு பெரியவரிடம், "பயப்படாதீங்க சார், நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊரில் யார் யாருக்கோ பக்கத்தில் இருக்கிறேன்.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சகலை அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. நல்ல மனிதர், குறட்டை விடுவார். சந்தேகப்படுவதற்காவது ஏதாவது ஆதாரம் வேண்டும். பொறாமைக்கு ஒரு சட்டைப் பை போதும். அவள் எனக்கென்று சமைத்தாள், எனக்கென்று அழுதாள், என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கென்று கண் விழித்தாள். எல்லாம் சரி. ஆனால் அவளுக்குள் ஒரு சத்தம் இருந்திருக்கிறது. அது முதல் முறை வெளியே வந்தபோது அவள் பிடித்துத் தொங்கியது என் பையில் இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதும் தெரியும். எதுவும் நடந்திருக்காது. இருபத்தேழாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்போம்.

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள், குரல் இல்லாமல் புகார் எடுக்க முடியாது. புதன்கிழமை குரல் திரும்பி வந்தது. பழைய குரல்தான், சமதளமாக. அன்று சாயங்காலம் பாத்திரம் துடைத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"அன்னிக்கு என்னன்னு கத்தின?"

"எங்க?"

"மேட்ச்ல. ஏதாவது வார்த்தையா? இல்ல, வெறும் ஆ-வா?"

"தெரியலியே. வந்துது, கத்திட்டேன்."

"ஒரு தடவை கத்திக் காட்டேன்."

கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பைத்தியமா உங்களுக்கு? பக்கத்து வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"மெதுவா கத்து."

"மெதுவா எப்படிங்க கத்துறது?"

நியாயமான கேள்வி. அவள் படுக்கை போட்டுக்கொண்டிருந்தபோது நான் போனில் அந்த மேட்ச்சின் வீடியோவைத் தேடி எடுத்தேன். தொண்ணூற்றி நாலாவது நிமிடத்தில் நிறுத்தி, விரலால் பெரிதாக்கினேன். கூட்டம் புள்ளி புள்ளியாக உடைந்தது. எங்கள் வரிசை இதுதான் என்று ஒரு கம்பத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். அவள் சேலை நிறத்தில் ஒரு பழுப்புப் புள்ளி, பக்கத்தில் ஒரு நீலப் புள்ளி. நீலப் புள்ளி குனிந்திருந்தது. பேனா தேடுகிறார். பழுப்புப் புள்ளிக்கு வாய் இருக்கிற இடத்தில் கறுப்பாக ஒன்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் பெரிதாக்கினால் வாயும் உடைந்து நாலு சதுரமாகப் போனது.

பதினோரு வருஷம், வருஷத்துக்குப் பதினாலு மேட்ச், மேட்ச்சுக்குப் பத்து நிமிடம். கிட்டத்தட்ட இருபத்தைந்து மணி நேரம். அவளிடமிருந்து ஒரு முழு நாளை எடுத்து பஸ்ஸில் உட்கார வைத்திருக்கிறேன். அடுத்த மேட்ச்சுக்கு எழுந்திருக்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன். விசில் அடிக்கட்டும், விளக்கை அணைக்கட்டும், பெருக்குகிறவர்கள் வந்து காலைத் தூக்கச் சொல்லட்டும். அவள் கத்தும்போது பக்கத்தில் இருக்கப்போகிறேன். பை வைத்த சட்டையாகப் பார்த்து எடுத்து வைத்தேன். தையல் பலமாக இருந்தது. அதை உள்பக்கம் கொஞ்சம் பிளேடால் தளர்த்தலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். வெயில் தாழ்ந்த நல்ல சனிக்கிழமை. எங்கள் வரிசையில் நுழைந்தபோது பதினாறாம் நம்பர் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து கையை ஆட்டினார். கழுத்தில் நம் டீமின் துண்டு. நீலக் கட்டம் போட்ட சட்டை.

"வாங்க சகல! சீசன் முடியற வரைக்கும் இந்த சீட்டை வாங்கிட்டேன். இங்க உக்காந்திருந்தவருக்கு மாத்தல் ஆயிடுச்சாம்."

"ஐயோ, அத்தான்!" என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். பதினாலில் நான், பதினைந்தில் அவள், பதினாறில் அவர். அவளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியிருக்காது. எனக்கு மட்டும்தான் எது நடு என்று தெரிந்தது.

முதல் பாதியில் அவர் கேள்வியாகக் கேட்டார். ஆஃப்சைடு என்றால் என்ன? அதைப் பார்க்க ஏன் தனியாக ஒருவன் கொடியோடு ஓடுகிறான்? அவள் விரல்களை வைத்து விளக்கினாள். எனக்கு இதையெல்லாம் அவள் விளக்கியதில்லை, நான் கேட்டதில்லை. இருபதாவது நிமிடத்தில் எதிர் டீம் ஒரு கோல் போட்டது. ஐம்பத்தைந்தில் நாங்கள் ஒன்று போட்டோம். அதற்கு அவள் எழுந்து கைதட்டினாள். கத்தவில்லை. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் கோலைப் பார்க்கவில்லை.

எழுபதுக்கு மேல் ஆட்டம் இறுகியது. அவள் முன்னால் சாய்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். ஏதோ வரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. கயிறு அறுவதற்கு முன்னால் ஒரு முறுக்கு ஏறுமே, அந்த மாதிரி. எண்பது. எண்பத்தொன்று. அவள் பழக்க தோஷத்தில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. காலை நன்றாக ஊன்றி, கையைக் கட்டிக்கொண்டு, இருபத்தைந்து மணி நேரக் கடனைத் தீர்க்க வந்த மனிதனாக உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு நிமிடம் யாரும் எதுவும் பேசாமல் இருந்திருந்தால் போதும்.

"என்ன சகல" என்றார் அவர், குனிந்து அவளைத் தாண்டி. "எம்பத்திரண்டு ஆச்சு. பஸ்ஸு போயிடப்போவுது!"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். எங்களைப் பதினோரு வருஷமாகப் பார்ப்பவர்கள்தானே. "சார் இன்னும் எந்திரிக்கலியா? வாட்ச் நின்னுபோச்சா?" என்றான் ஒருவன். "சார் எந்திரிச்சாத்தான் எம்பத்திரண்டு!" என்றான் இன்னொருவன். வரிசையே சிரித்தது. சகலை சிரித்தார், கெட்ட எண்ணம் எதுவுமில்லாமல். என் மனைவியும் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழுந்துவிட்டேன்.

ஏன் எழுந்தேன் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. உட்கார வந்தவன் நான். உட்காருவதற்காகவே இரண்டு வாரம் சாப்பிட்டுத் தூங்கியவன். ஆனால் கால் எழுந்துவிட்டது, அவருடைய கால் பிரேக்கை அமுக்குகிற மாதிரி. எழுந்தபின் வாயும் அதன் வேலையைச் செய்தது.

"ஆமா, போவுது. வா, கெளம்பலாம்."

அவள் பையின் வாரைப் பிடித்தாள். தோளில் மாட்டப் போனாள். பிறகு மடியிலேயே வைத்துவிட்டாள்.

"நீங்க போங்க" என்றாள். "நான் முடிஞ்சதும் வரேன்."

கோபம் இல்லை. அந்தக் குரல்தான். பதிவு பண்ணிட்டேன் சார். என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள் என்று ஒரு கணம் நின்றேன். அவள் முழங்காலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். நான் தாண்டிப் போவதற்கு வழி. நான் போக வேண்டியது மறுபக்கம். அது அவளுக்கு ஞாபகமில்லை. கண் மைதானத்தில் இருந்தது.

"பாப்பாவை நான் கூட்டிட்டு வந்துடறேன் சகல" என்றார் அவர், நல்ல மனதோடு. நல்ல மனதை என்ன செய்ய முடியும்?

ஆறாம் கேட்டுக்குப் போகும் படிக்கட்டில் எங்கள் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டுக்காரர்கள். பேர் தெரியாது, முகம் தெரியும். அதிகாலை அடுப்பு மூட்ட வேண்டும் என்பதால் சீக்கிரம் தூங்கப் போகும் பேக்கரிக்காரர். கடைசி நிமிடங்களைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கும் பிரஷர்காரர். பேக்கரிக்காரர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வீட்டம்மா எங்க?"

"வருவாங்க."

"சண்டையா?"

"இல்ல."

"அப்ப சண்டைதான்" என்று பிரஷர்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

ஆறாம் கேட்டில் ஆள் உயரத்துக்குச் சுழலும் கம்பிக் கதவு. வெளியே மட்டும்தான் சுற்றும். தள்ளிக்கொண்டு வந்தேன், பின்னால் அது டக் டக் என்று இரண்டு முறை பூட்டிக்கொண்டது. வெளியே வழக்கமாக நிற்கும் செக்யூரிட்டிக்கார அம்மா, வழக்கம்போல எனக்குத் தலையசைத்தாள். நாலு நிமிட நடை. பஸ் ஸ்டாப்பில் எங்களைத் தவிர யாருமில்லை. காலியான ரோடு, என் கணக்கின் அழகு அத்தனையும் அதில் விரிந்து கிடந்தது. இருபத்தேழாம் நம்பர் திருப்பத்தில் தெரிந்தது. பேக்கரிக்காரர் ஏறினார். பிரஷர்காரர் ஏறினார். ஜன்னல் ஓரச் சீட்டுகள் எல்லாம் காலி.

"சார், ஏறுங்க" என்றார் டிரைவர்.

"அடுத்த பஸ்ல வரேன்."

"அடுத்த பஸ்ஸா?" பேக்கரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "உங்களுக்கா? அடுத்ததுல நிக்கக்கூட இடம் இருக்காதுன்னு எங்களுக்கு நீங்கதானே சொன்னீங்க?"

பஸ் நின்றுகொண்டே இருந்தது, நான் மனம் மாறுவேன் என்று. நான் திரும்பி நடந்தேன். நடந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஓடினேன். நாலு நிமிடத்தை ஒன்றரை நிமிடத்தில் ஓடினேன்.

"அம்மா, உள்ள போகணும்."

"வெளிய வந்தா வந்ததுதான் சார். உங்களுக்குத் தெரியாததா?"

"டிக்கெட் இருக்கு."

"டிக்கெட் இருக்கு, கதவு சுத்தாதே. பாருங்க." அவளே தள்ளிக் காட்டினாள். சுற்றவில்லை. "எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"ஆமா."

"என்னது?"

என்னவென்று சொல்வது? வாய்வரை வந்தது எதுவும் சொல்கிற மாதிரி இல்லை. "நேரம் என்ன ஆச்சு?" என்றேன்.

"தொண்ணூறு ஆயிருக்கும். உள்ள மைக்குல ஏதோ சொன்னாங்க, இன்னும் அஞ்சு நிமிஷமாம்." கைக்கட்டைவிரலால் பின்பக்கச் சுவரைக் காட்டினாள். "நானும் ஒம்போது வருஷமா நிக்கிறேன் சார், ஒரு கோல் பார்த்ததில்ல."

கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் பெரிய இரும்பு ஷட்டர் ஒன்று உண்டு, விசில் அடித்ததும் திறப்பார்கள். நான் அதில் உள்ளங்கையை வைத்தேன். லிஃப்ட் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாதபோது கதவில் கையை வைத்துத்தான் பார்ப்போம். உள்ளே ஆள் தட்டுகிறானா, மோட்டார் இழுக்கிறதா என்பதெல்லாம் காதுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். ஷட்டர் வெயிலில் காய்ந்து இளஞ்சூடாக இருந்தது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்லிதாக ஓர் அதிர்வு, தூரத்தில் கனரக வண்டி வருகிற மாதிரி. அது நின்றது. முழுதாக நின்றது. முப்பத்தோராயிரம் பேரும் மூச்சைப் பிடித்தால் இரும்புக்குக்கூடத் தெரிகிறது.

அப்புறம் அது என் கையைத் தள்ளியது.

சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. சுவருக்கு மேலே எழுந்து, தெருவில் விழுந்து, எதிர்க் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது. பதினோரு வருஷமாக பஸ் ஜன்னல் வழியாக எனக்குப் பின்னால் எங்கோ கேட்ட சத்தம். ஷட்டர் விடாமல் உதறிக்கொண்டிருந்தது, அத்தனை பேரும் குதிக்கிறார்கள். நான் இன்னொரு கையையும் வைத்தேன். காதையும் வைத்தேன். அதற்குள் ஒன்று அவளுடையது. மெல்லியதா, கனத்ததா, கீச்சா, அடித்தொண்டையா, எனக்கு எப்படித் தெரியும்? அது எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது என்னிடமிருந்து ஒன்று கிளம்பியது. வார்த்தையா, வெறும் ஆ-வா என்று கேட்காதீர்கள். தெரு நாய் ஒன்று எழுந்து தள்ளிப்போய்ப் படுத்தது. செக்யூரிட்டிக்கார அம்மா இரண்டடி பின்னால் நகர்ந்து, பிறகு பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நம்ம கோலா சார்?"

"தெரியாதும்மா" என்றேன். பாதிக் குரல்தான் வந்தது.

அவளும் ஷட்டரில் ஒரு கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் உதறிக்கொண்டிருந்தது.